சீரமைத்த ஓடையில் செத்த மீன்கள்

அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில், மேற்குப் பகுதியில், லாங்ஃபெல்லோ என்று ஓர் ஓடை இருக்கிறது. வீடுகளுக்கும் கடைகளுக்கும் இடையே ஓடி, சில இடங்களில் குழாய்க்குள் புகுந்து வெளியேறி, கடைசியில் டுவாமிஷ் ஆற்றில் கலக்கும் சிறிய ஓடை. 1990-களில் அந்த நகரம் தன் ஓடைகளைச் சீரமைக்கத் தொடங்கியபோது இதற்கும் விடிவு வந்தது. மீன்கள் ஏறிவரத் தடையாக இருந்தவற்றை எடுத்தார்கள். கரையில் அந்த மண்ணுக்கே உரிய மரங்களை நட்டார்கள். வெள்ளத்தின் வேகம் குறையவும் மீன் ஒதுங்கவும் பெரிய மரக்கட்டைகளை ஓடைக்குள் கிடத்தினார்கள். கோஹோ சால்மன் மீன்கள் கடலிலிருந்து திரும்பி வந்தன. திட்டத்தின் நோக்கம் நிறைவேறிவிட்டது என்று ஊர் மகிழ்ந்தது.

வந்த மீன்களை எண்ணப் போனவர்கள் கண்டது வேறு. மழை பெய்து ஓடை பெருகியதும் ஏறிவந்த கோஹோ மீன்கள், சில மணி நேரத்திலேயே நீரின் மேற்பரப்பில் திசை தெரியாமல் சுற்றின. வாயைப் பிளந்தன. துடுப்புகள் விரைத்து விரிந்தன. நிமிர்ந்து நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து செத்தன. பெண் மீன்களின் வயிற்றைக் கீறிப் பார்த்தால் உள்ளே முட்டைகள் அப்படியே இருந்தன. கடலில் வளர்ந்து, பல நூறு மைல் நீந்தி, பிறந்த நீரைத் தேடி வந்து, வந்த வேலையைச் செய்யாமலே செத்திருந்தன.

வயிற்றைக் கீறிப் பார்த்தார்கள் என்பதைச் சற்று நிதானித்துக் கவனிக்க வேண்டும். பசிபிக் கரையின் சால்மன்கள் முட்டையிட்டதும் இறந்துபோவது இயற்கை. ஆகவே இலையுதிர் காலத்தில் கரையோரம் செத்த சால்மன் கிடந்தால், அந்த ஊர்க்காரர்கள் கவலைப்படுவதில்லை. ஓடை நலமாக இருக்கிறது என்பதற்கே அது அடையாளம். நடைப்பயிற்சிக்கு வந்து பாலத்தின் மேல் நின்று பார்ப்பவருக்கு, முட்டையிட்டு இறந்த மீனும் நஞ்சில் இறந்த மீனும் ஒன்றுபோலத்தான் தெரியும். ஓடைக்குள் இறங்கி, பிணத்தைக் கையில் எடுத்து, கத்தியால் வயிற்றைத் திறந்து, முட்டை இருக்கிறதா இல்லையா என்று குறித்துக்கொண்டவர்களால்தான் உண்மை தெரிய வந்தது. அந்தக் குறிப்பேடு மட்டும் இல்லாதிருந்தால், லாங்ஃபெல்லோ ஓடை இன்றைக்கும் ஒரு வெற்றிக் கதையாகவே சொல்லப்பட்டுக்கொண்டிருக்கும்.

பெரும்பாலான ஓடைகளுக்கு அப்படி ஒரு குறிப்பேடே கிடையாது. 2005-இல் எமிலி பெர்ன்ஹார்ட், மார்கரெட் பாமர் முதலிய ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடந்த ஆறு, ஓடைச் சீரமைப்புப் பணிகளின் விவரங்களை ஓரிடத்தில் திரட்டினார்கள். 37,000-க்கும் மேற்பட்ட திட்டங்கள். 1990 முதல் ஆண்டுக்கு நூறு கோடி டாலருக்குக் குறையாத செலவு. இவற்றில் ஏதேனும் ஒரு வகைக் கண்காணிப்பு நடந்ததாகப் பதிவு இருந்தவை பத்து சதவீதம்தான். மற்றவற்றில் பணம் செலவானது தெரியும். மரம் நட்டது தெரியும். ஓடைக்கு அதனால் என்ன ஆனது என்பதற்குப் பதிவே இல்லை.

ஓடைக்கு என்ன ஆனது என்பதை எப்படி அறிவது? தண்ணீரை ஒரு குப்பியில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆனால் அந்தக் குப்பி, பிடித்த அந்த ஒரு நிமிடத்தைப் பற்றி மட்டுமே பேசும். நகரத்து ஓடையின் குணம் மணிக்கு மணி மாறக்கூடியது. கூரைகளிலும் சாலைகளிலும் விழும் மழை மண்ணில் இறங்க வழியில்லாமல் வடிகால் வழியே ஒரே மூச்சில் ஓடைக்கு வந்துவிடுகிறது. அரை மணி நேரத்தில் வெள்ளம், அடுத்த நாள் மறுபடியும் கணுக்கால் அளவு நீர். அந்த அரை மணி நேரத்தில் என்னென்ன வந்தது என்பது மறுநாள் எடுத்த குப்பியில் இருக்காது.

ஓடையிலேயே குடியிருப்பவற்றைக் கேட்டால் பதில் கிடைக்கும். கற்களுக்கு அடியில் வாழும் நீர்ப்பூச்சிகள் மாதக்கணக்கில், சில இனங்கள் ஆண்டுக்கணக்கில், அதே நீரில் கிடப்பவை. வந்த எல்லா வெள்ளத்தையும் எல்லா நஞ்சையும் அவை அனுபவித்திருக்கும். தாங்க முடிந்தவை இருக்கும், முடியாதவை இருக்காது. சியாட்டில் வட்டாரத்தில் இதைப் பார்க்கும் முறை எளிமையானது. கோடையின் கடைசியில், நீர் குறைந்து தெளிந்திருக்கும்போது, இறங்கிப் பார்ப்பவர் ஓடையின் தரையில் ஓரடிச் சதுரச் சட்டம் ஒன்றை வைக்கிறார். சட்டத்தின் பின்பக்கம் மெல்லிய வலைப்பை ஓட்டத்தின் திசையில் விரிந்து நிற்கும். சட்டத்துக்குள் இருக்கும் கற்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கையால் தேய்க்கிறார். பிறகு அடியில் உள்ள சரளையைக் கிளறிவிடுகிறார். பிடி விட்ட பூச்சிகள் எல்லாம் நீரோடு போய் வலைக்குள் சேரும். அவற்றைச் சாராயத்தில் போட்டுக் கொண்டுபோய், உருப்பெருக்கியின் அடியில் இனம் பிரித்து எண்ணுவார்கள்.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் கார் வகுத்த வழியில், அந்த எண்ணிக்கையிலிருந்து பத்து அளவீடுகளைக் கணக்கிட்டு ஓடைக்கு ஒரு மதிப்பெண் தருகிறார்கள். இன்று அது நூற்றுக்கு இத்தனை என்று தரப்படுகிறது. மேஃப்ளை, ஸ்டோன்ஃப்ளை, கேடிஸ்ஃப்ளை என்ற மூன்று கூட்டங்களின் இளம்பூச்சிகள் எத்தனை இனம் இருக்கின்றன என்பது அதில் முக்கியம். குளிர்ந்த, உயிர்வளி நிறைந்த, கலங்காத நீர் கேட்பவை இவை. எதையும் தாங்கும் புழுக்களும் சிறு ஈக்களின் குடம்பிகளும் மட்டுமே வலையில் வந்தால், கரை எவ்வளவு பசுமையாக இருந்தாலும் மதிப்பெண் குறைவுதான்.

கரைக்கும் நீருக்கும் இப்படிப் பொருத்தம் இல்லாமல் போவது அரிதான ஒன்றல்ல. 2010-இல் மார்கரெட் பாமரும் அவருடைய கூட்டாளிகளும், ஓடையின் உருவத்தைத் திருத்திய 78 திட்டங்களின் பூச்சிக் கணக்குகளைத் தேடி எடுத்து ஒப்பிட்டார்கள். நேர்க்கோடாக வெட்டிய வாய்க்காலை மறுபடி வளைத்தவை, பாறையும் கட்டையும் போட்டு மடுவும் மேடும் உண்டாக்கியவை என்று பல வகை. உருவம் நன்றாகவே திருந்தியிருந்தது. பூச்சி இனங்கள் ஐயத்துக்கு இடமின்றிப் பெருகியது இரண்டே இரண்டு திட்டங்களில். இடத்தை ஒழுங்காக அமைத்துவிட்டால் உயிர்கள் தாமாக வந்து குடியேறும் என்பது பொறியாளர்களுக்கு மட்டுமல்ல, சூழலியல் அறிஞர்களுக்கும் இருந்த நம்பிக்கை. அது பொதுவிதி அல்ல என்பதை எண்ணிப் பார்த்த பிறகுதான் ஒப்புக்கொள்ள முடிந்தது. ஓடையின் நோய் பெரும்பாலும் ஓடைக்குள் இல்லை. மழை விழுந்து வழிந்து வரும் அந்த நிலப்பரப்பு முழுவதிலும் இருக்கிறது.

லாங்ஃபெல்லோவின் கதை இதை ஒரே ஒரு மூலக்கூறு வரைக்கும் துரத்திக்கொண்டு போனது. அமெரிக்க அரசின் கடல், வளிமண்டல ஆய்வு அமைப்பான நோவாவில் பணியாற்றிய நதானியேல் ஷோல்ஸும் அவருடைய குழுவினரும் 2002 முதல் 2009 வரை, மீன் ஏறும் பருவத்தில் தினமும் அந்த ஓடையில் நடந்து எண்ணினார்கள். ஒவ்வொரு ஆண்டும் வந்த கோஹோவில் 60 முதல் 100 சதவீதம் முட்டையிடும் முன்பே செத்தது. ஒப்பிட்டுப் பார்க்க, நகரத்துக்கு வெளியே ஃபோர்ட்சன் என்ற ஓடையிலும் 2002-இல் எண்ணினார்கள். அங்கே அப்படிச் செத்தவை ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்த இரண்டாவது ஓடை இல்லையென்றால் முதல் ஓடையின் எண்ணுக்குப் பொருளே இல்லை. மீன்களுக்குக் கடலிலேயே ஏதோ நோய் வந்திருக்கலாம், அந்த ஆண்டின் வெப்பம் காரணமாக இருக்கலாம் என்று யாரும் சொல்லிவிட முடியும். அதனால்தான் நல்ல கண்காணிப்பு என்றால் வேலைக்கு முன்பும் பின்பும் எண்ண வேண்டும், கைவைத்த ஓடையிலும் கைவைக்காத ஓடையிலும் எண்ண வேண்டும் என்கிறார்கள்.

உயிர்வளி போதவில்லையா? போதுமானதாக இருந்தது. வெப்பம்? இல்லை. நோய்க்கிருமி? இல்லை. பூச்சிமருந்து? அதற்கும் தொடர்பு தெரியவில்லை. வண்டிகளிலிருந்து வரும் உலோகமும் எண்ணெய்க் கழிவும் மீன்களின் உடலில் இருந்தன. ஆனால் ஆய்வகத்தில் அவற்றைக் கலந்து கொடுத்தபோது கோஹோ சாகவில்லை. பிறகு நெடுஞ்சாலையிலிருந்து வழிந்த மழைநீரையே பிடித்துவந்து தொட்டியில் ஊற்றிப் பார்த்தார்கள். எல்லா மீன்களும் செத்தன. அதே நீரை மணலும் மட்கிய உரமும் கலந்து நிரப்பிய பீப்பாய் வழியாக வடித்து ஊற்றினார்கள். ஒன்றும் சாகவில்லை. கொல்வது எது என்று தெரிவதற்கு முன்பே, அதைத் தடுக்கும் வழி தெரிந்துவிட்டது. சாதாரண மண். இந்த முடிவை வாசித்தபோது எனக்கு ஏற்பட்ட நெகிழ்ச்சி இப்போதும் குறையவில்லை.

குற்றவாளியைப் பிடித்தது 2020 டிசம்பரில் வெளியான ஆய்வு. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா வளாகத்தில் ஷென்யூ தியான், எட்வர்ட் கோலோட்ஜீ ஆகியோரும், வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜெனிஃபர் மெக்கின்டையரும் இதில் முன்னின்றார்கள். டயர்த் தூளை ஊறவைத்த நீரில் ஏறத்தாழ 2,000 வேதிப்பொருள்கள் இருந்தன. அந்த நீரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் இளம் கோஹோவை விட்டுப் பார்த்து, கொல்லும் பகுதியை மட்டும் மறுபடி பிரித்து, இப்படியே சுருக்கிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் மிஞ்சியது 18 கார்பன், 22 ஹைட்ரஜன், 2 நைட்ரஜன், 2 ஆக்ஸிஜன் கொண்ட ஒரு பொருள். டயரில் அப்படி எதையும் யாரும் சேர்ப்பதில்லை. ஆனால் 18 கார்பனும் 24 ஹைட்ரஜனும் 2 நைட்ரஜனும் கொண்ட ஒன்றைச் சேர்க்கிறார்கள். அதன் பெயர் 6பிபிடி. காற்றில் உள்ள ஓசோன் பட்டு ரப்பர் வெடிக்காமலிருக்க, ஓசோனைத் தான் வாங்கிக்கொள்வதற்காகவே சேர்க்கப்படும் பாதுகாப்புப் பொருள். ஓசோனை வாங்கியதும் அது 6பிபிடி-குயினோன் ஆக மாறுகிறது. டயர் தேய்ந்து சாலையில் படியும் தூளோடு அதுவும் கிடக்கிறது. மழை வந்ததும் ஓடைக்குப் போகிறது.

கோஹோ மீன் கடலோரத்தில் காத்திருப்பதும் அதே மழைக்காகத்தான். கோடையில் வற்றிய ஓடை, இலையுதிர் கால மழையில் பெருகினால்தான் அது ஏறிவர முடியும். வறண்ட மாதங்களில் சாலையில் சேர்ந்த தூள் முழுவதையும் கழுவிக்கொண்டு வரும் வெள்ளத்தில், எதிர்நீச்சல் போட்டு அது உள்ளே வருகிறது. லிட்டருக்கு 95 நானோகிராம் இருந்தால் ஒரே நாளில் பாதி மீன்கள் இறக்கும் என்பது 2022-இல் திருத்தப்பட்ட கணக்கு. தூய்மையான மாதிரி கையில் கிடைத்து மறுபடி அளந்தபோது, முதலில் சொன்னதைவிட எட்டு மடங்குக்கு மேல் கொடியது என்று தெரிந்தது. ஒரு கிராம் போதும், ஒரு கோடி லிட்டர் நீரை அந்த அளவுக்கு நஞ்சாக்க. இதே நீரில் சம் என்ற இன்னொரு சால்மன் இனம் சாவதில்லை. வரிக்குதிரை மீன் எனப்படும், ஆய்வகங்களில் வழக்கமாகச் சோதிக்கப்படும் சிறுமீனும் சாவதில்லை. ஆய்வக மீனை மட்டும் வைத்துச் சோதித்திருந்தால், டயர் நீர் பாதுகாப்பானது என்று சான்றிதழே கொடுத்திருப்பார்கள். சொந்த ஓடையில் சொந்த மீனை எண்ணியதால் மட்டுமே கிடைத்த அறிவு இது.

இங்கே கசப்பான ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். சீரமைப்பு அந்த மீன்களுக்கு ஒரு பொறியாகவும் அமைந்தது. தடையை நீக்கி, சரளை பரப்பி, நிழல் தந்து, வா என்று அழைத்தது ஓடை. நம்பி வந்த மீன் செத்தது. அதற்காகச் சீரமைப்பே வேண்டாம் என்று சொல்பவன் அல்ல நான். ஓடையைத் திருத்தியிராவிட்டால் மீன் வந்திருக்காது, வந்திராவிட்டால் இந்த நஞ்சு இன்னும் பல பத்தாண்டுகள் பெயரில்லாமலே நம்மோடு இருந்திருக்கும். 2023-இல் கலிஃபோர்னியா மாநிலம், 6பிபிடி உள்ள வாகன டயர்களை, மாற்றுப்பொருள் தேடியாக வேண்டியவற்றின் பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில், மூன்று பழங்குடி மக்களின் மனுவை ஏற்று, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் இதை ஒழுங்குபடுத்தும் பணியைத் தொடங்க ஒப்புக்கொண்டது. இதன் தொடக்கம் ஒரு சின்ன ஓடையில் வயிறு கீறிப் பார்க்கப்பட்ட சில மீன்கள்.

சியாட்டிலின் வடகிழக்கில் தார்ன்டன் என்று இன்னோர் ஓடை. அடிக்கடி வெள்ளம் வந்து வீடுகளுக்குள் புகும். நகர நிர்வாகம் கரையோர வீடுகள் சிலவற்றை விலைக்கு வாங்கி இடித்து, ஓடைக்கு அகன்று பரவ இடம் கொடுத்தது. 2014-இல் முடிந்த அந்த வேலையில் புதுமையான ஒன்று செய்தார்கள். ஓடையின் தரையைத் தோண்டி, மணலும் சரளையும் கலந்து நிரப்பி, நீர் அடியில் இறங்கி மெதுவாக நகர்ந்து மறுபடி மேலே வரும்படி கட்டைகளை அமைத்தார்கள். வைகையிலோ பாலாற்றிலோ மணலைத் தோண்டி ஊற்றுநீர் எடுத்தவர்களுக்கு இது புரியும்: ஆற்றின் ஒரு பகுதி எப்போதும் மணலுக்குள் ஓடுகிறது. நகர ஓடைகளில் வெள்ளம் அந்த மணலை அரித்துப்போய், அடியில் இறுகிய களிமண்தான் மிஞ்சும். ஓடையின் அந்தப் பாதி செத்துவிடும்.

தார்ன்டனில் அந்தப் பாதி உயிர்பெற்றதா என்று 2014 முதல் 2017 வரை அளந்தார்கள். அடித்தரை அமைத்த இடம் ஒன்று, அமைக்காத இடம் ஒன்று என்று மூன்று இணைகளாக. மூன்றில் இரண்டு இணைகளில், சீரமைத்த இடத்தின் அடிநீர் குளிர்ந்திருந்தது, நுண்ணுயிர்களின் செயல்பாடும் கூடியிருந்தது. மூன்றாவது இணையில் அந்த வேறுபாடு தெளிவாகத் தெரியவில்லை. ஆனால் சரளைக்குள் வாழும் சிற்றுயிர்களின் எண்ணிக்கையும் இனங்களும் மூன்று இடங்களிலுமே கூடியிருந்தன. மழைநீரோடு வரும் வேதிப்பொருள்கள் பல, அந்தச் சரளைக்குள் போய்த் திரும்புவதற்குள் குறைந்ததையும் வேறொரு குழு அளந்து காட்டியது. 2018-இல் சினூக் சால்மன்கள் அந்தத் தரையில் முட்டையிட்டன. இந்த முடிவுகளில் மூன்றாவது இணையைப் பற்றிய வரியை நான் பெரிதாக மதிக்கிறேன். மூன்றும் வெற்றி என்று எழுதுவது எளிது. எது நடக்கவில்லை என்று எழுதிவைப்பதால்தான் அடுத்த ஓடைக்குப் போகிறவர் வேறு விதமாகச் செய்து பார்க்க முடிகிறது.

பூச்சிகளைப் பொறுத்தவரை இன்னொரு தடையும் உண்டு. நீர்ப்பூச்சிகளில் பெரும்பாலானவை வளர்ந்து சிறகு முளைத்தாலும் நெடுந்தூரம் பறப்பவை அல்ல. ஊருக்கு நடுவே ஓர் ஓடை திருந்தினாலும், சுற்றிலும் பல மைல் தூரத்துக்குத் தாய்க்கூட்டமே இல்லையென்றால் அங்கே யார் வருவார்கள்? அதனால் சியாட்டிலை உள்ளடக்கிய கிங் கவுன்டி நிர்வாகத்தின் அறிவியலாளர்கள், கெடாத ஓடைகளிலிருந்து பூச்சிகளைக் கற்களோடும் சருகுகளோடும் எடுத்துவந்து நகரத்து ஓடைகளில் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அவை வேரூன்றினவா என்று சொல்லவும் ஆண்டுக்கணக்கில் வலைபோட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஆண்டுக்கணக்கில் என்பதுதான் எல்லா இடங்களிலும் இடிக்கிறது. கோஹோ முட்டையிலிருந்து வெளிவந்து, ஓடையில் வளர்ந்து, கடலுக்குப் போய்த் திரும்ப மூன்று ஆண்டு. ஒரே ஒரு தலைமுறையைப் பார்க்கவே அத்தனை காலம். கரையில் நட்ட மரம் ஓடைக்கு நிழல் தர அதைவிட நீண்ட காலம். திட்டத்துக்கான பணமோ வேலை முடிந்த அன்றே தீர்ந்துவிடுகிறது. திறப்பு விழாவுக்குப் பிறகு வலையோடும் குறிப்பேடோடும் ஓடையில் இறங்குகிறவருக்குச் சம்பளம் தர எந்தத் தலைப்பிலும் ஒதுக்கீடு இருப்பதில்லை. தோண்டும் இயந்திரத்தின் வாடகையோடு பார்த்தால் அந்தச் சம்பளம் மிகச் சிறிது. மிகச் சிறிது என்பதால்தான் முதலில் வெட்டப்படுகிறதோ என்று தோன்றுகிறது.

நம் ஊரிலும் கூவம், அடையாறு, வைகை, நொய்யல் என்று சீரமைப்புத் திட்டங்கள் அறிவிக்கப்படுகின்றன. நம் ஆறுகளில் சால்மன் இல்லை. ஆனால் நம் சாலைகளில் ஓடும் டயர்களிலும் ஓசோனைத் தாங்கும் இதே வகைப் பொருள்தான் இருக்கிறது. நீண்ட வெயிலுக்குப் பிறகு பெய்யும் முதல் மழை இங்கேயும் சாலையைக் கழுவித்தான் வாய்க்காலில் சேர்க்கிறது. அது நம் கெளுத்தியை, கெண்டையை, தட்டான்பூச்சியின் குடம்பியை என்ன செய்கிறது என்பதற்குச் சியாட்டிலின் கணக்கு விடை தராது. நம் நீரில் நாமே இறங்கி எண்ண வேண்டும். உங்கள் ஊர் ஓடைக்குச் சீரமைப்பு என்று அறிவிப்பு வந்தால், எத்தனை கோடி என்று கேட்பதோடு விட்டுவிடாதீர்கள். வேலை தொடங்கும் முன் ஓடையில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்று எண்ணினீர்களா, முடிந்த பிறகு எத்தனை ஆண்டு எண்ணப்போகிறீர்கள், கைவைக்காத எந்த ஓடையோடு ஒப்பிடப்போகிறீர்கள், அந்தக் கணக்கை எங்கே வெளியிடுவீர்கள் என்றும் கேளுங்கள். பக்கத்தில் ஒரு கல்லூரியோ பள்ளியோ இருந்தால் விலங்கியல் ஆசிரியரைப் போய்ப் பாருங்கள். ஒரு வலை, ஒரு சட்டம், ஒரு குறிப்பேடு இருந்தால், இயந்திரம் வருவதற்கு முன்பே எண்ணத் தொடங்கிவிடலாம்.